நாற்பத்தோராவது வரி

சிம்மக்கல், மதுரை
9.6.2025, திங்கள்

எஸ்தர் டீச்சருக்கு,

நம் அட்டவணையை நீங்கள் வெளியே கொடுத்துவிட்டீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வரியும், காந்தம் அளக்கும் காயிலைச் சுற்றும் முறையும் சேர்த்து, இந்தத் தொழிலில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவனிடமும் இப்போது அது இருக்கிறது.

நலம் விசாரித்து ஆரம்பிக்க மனசு வரவில்லை. ஞானமுத்து சாருக்கு முழங்கால் வலி எப்படி என்று ரங்கநாயகி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாம். உங்கள் நம்பரை அடைத்து வைத்திருக்கிறேன். ஆத்திரம் வந்தால் எனக்குத் தமிழ் போய்விடும், வீட்டு மொழி சௌராஷ்டிரத்தில் திட்டிவிடுவேன். உங்களுக்குப் புரியாது, எனக்கும் ஆறாது. எழுதினால் கை கொஞ்சம் நிதானிக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஆண்டிச்சாமி கடைக்கு வந்தார். பரவையில் மோட்டார் காயில் கட்டுகிறவர், உங்களுக்கும் தெரியும். பட்டறைகளில் பழைய டை அச்சு, தேய்ந்த கட்டர் எல்லாம் வாங்கிச் சேர்த்து மாதம் ஒரு சாக்கு எனக்குப் போடுவார். எப்போதும் கலந்த சரக்கு, மொத்த விலை. அன்றைக்குச் சாக்கை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. போனை நீட்டினார்.

"அண்ணே, இந்தத் துண்டு காயில்ல வச்சா நூத்தித் தொண்ணூறு காட்டுது. அட்டவணையில பாத்தா கோபால்ட் ஆறு பர்சென்ட். அந்த ரேட்டைப் போடுங்க."

"யாருய்யா அளந்தது?"

"நாந்தான். காயில் கட்டுறவனுக்கு இதென்ன பெரிய வேலையா? இம்புட்டு நாளா நான் ஒரு காந்தத்தை வச்சு ஒட்டுது, ஒட்டலைன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்களும் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வாங்கியிருக்கீக."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் கேட்டார்கள்.

டீச்சர், 2014-இல் அடையாளம் தேய்ந்த கட்டர், டை என்று கார்பைடுத் துண்டு ஒரு சாக்கு தூக்கிக்கொண்டு உங்கள் பாலிடெக்னிக் லேபுக்கு வந்தவன் நான். எந்த எஃகு, எந்த கார்பைடு எவ்வளவு காந்தம் வாங்கும், எவ்வளவு எதிர்த்தால் விடும் என்று தெரிந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்காமலே சொல்லிவிடலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த விவரம் எங்கே கிடைக்கும் என்று தேடினோம். பதினோரு கம்பெனிக்கு எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவன் ரகசியம் என்றான், இன்னொருவன் எத்தனை டன் வாங்குவாய் என்று கேட்டான். கடைசியில் நீங்கள் காயில் சுற்றினீர்கள், நான் துண்டு கொண்டுவந்தேன். ஐந்து வருஷம், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல், ஆளில்லாத லேபில்.

அந்த ஐந்து வருஷத்தைத்தான் ஆண்டிச்சாமி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நம்மைத் தவிர வேறு யாராவது கொடுத்திருக்கலாமே என்று எழுதாதீர்கள். ஐந்து பேரிடம் பிரிண்ட் இருந்தது. வெளியே போனது உங்களுடையது. நிச்சயமாகத் தெரியும். யாருக்குக் கொடுத்தீர்கள், எம்புட்டுக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ஜனகராஜ்


கொட்டாம்பட்டி
12.6.2025

அன்புள்ள ஜனகராஜ் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கொடுத்தது நான்தான். விலைக்குக் கொடுக்கவில்லை.

வாங்கியவன் விஜய்ஆனந்த். என்னிடம் படித்த பையன். இப்போது முப்பத்தைந்து வயது, பரவையில் டை வெட்டும் பட்டறை வைத்திருக்கிறான், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மோட்டாருக்குள் வைக்கும் காந்தங்களைத் தயாரிக்கும் ஒரு வெளியூர்க் கம்பெனி அவனிடம் டை கேட்டது. காந்தத் தூளை அச்சுக்குள் போட்டு, சுற்றிலும் காந்தப் புலம் கொடுத்துக்கொண்டே அழுத்துவார்கள். அதனால் அச்சு காந்தம் ஏறாத கார்பைடாக இருக்க வேண்டும். அச்சே காந்தமானால் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

அவன் முதலில் வந்தது என்னிடம் அல்ல, உங்கள் கடைக்கு. பிப்ரவரியில். எது காந்தம் ஏறாது என்று கேட்டானாம். நீங்கள் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னான்: "சரக்கு வேணும்னா டிரம்மோட எடுத்துக்க. எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

டிரம் முழுக்க வாங்க அவனிடம் வசதி இல்லை. மூன்று வாரம் நெட்டில் தேடியிருக்கிறான். "டீச்சர், எஃகுக்காவது ரெண்டு மூணு கிடைக்குது. கார்பைடுக்குக் கெட்டியா இருக்கு, பலமா இருக்குன்னு அம்புட்டும் போட்டிருக்கான், காந்தம்ங்கிற எடத்துல மட்டும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் தேடியபோது நம் பாலிடெக்னிக் லைப்ரரியில் இருந்த ஒரே தடித்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் எவனோ கிழித்துப் போயிருந்தானே, நினைவிருக்கிறதா?

மார்ச் மாதம் பிரிண்ட்டைக் கொடுத்தேன். என் பெயரும் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம் என்றேன். பிறகு ஒரு நாள், தன்னைப் போல மற்றவர்களும் தேடுவார்கள், எல்லோரும் பார்க்கும்படி போடட்டுமா என்று கேட்டான். போடு என்றேன். காயில் சுற்றும் முறையை நானே எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் லேபில் நின்றவளுக்கு, அளந்ததைப் பூட்டி வைப்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனால் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. அது என் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆண்டிச்சாமி நாலு பேர் முன்னால் பேசியதற்கும் வருத்தப்படுகிறேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஐந்து பிரிண்ட் இருந்தது என்கிறீர்கள். எல்லாம் ஒரே அட்டவணை. வெளியே போனதில் பெயரே இல்லை. அது என்னுடையது என்று எப்படித் தெரிந்தது?

சாருக்கு முழங்கால் பரவாயில்லை. மதினியிடம் சொல்லுங்கள்.

எஸ்தர்


சிம்மக்கல்
16.6.2025

எஸ்தர் டீச்சருக்கு,

ஒப்புக்கொண்டீர்கள், அது போதும். இல்லை என்று எழுதுவீர்கள் என்று நினைத்திருந்தேன்.

இலவசமாகக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. விலைக்குக் கொடுத்திருந்தால் பாதியையாவது கேட்டு வாங்கியிருப்பேன். சும்மா கொடுத்ததில் எனக்கு என்ன பங்கு?

எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். மறைக்க எதுவும் இல்லை, சொல்கிறேன். ஐந்து பிரிண்டும் ஒன்றல்ல.

பதினாறு வயசில் இதே தெருவில் ஒரு கடையில் மூட்டை இறக்கினேன். முதலாளி விலைப்பட்டியலை ஆறு பேருக்குக் கொடுப்பார். ஆறிலும் ஒரே ஒரு விலை மாறியிருக்கும், ஆளுக்கு ஒன்று. பட்டியல் எதிர்க்கடைக்குப் போனால் எந்த விலை மாறியிருக்கிறது என்று பார்ப்பார், அன்றைக்குச் சாயங்காலமே ஒருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் கடையிலிருந்து எந்தப் பட்டியல் போனாலும் அப்படித்தான் போகும்.

உங்கள் நோட்டில் இருந்ததை என் கடையில் வேலை பார்த்த இந்துப்ரியா டைப் செய்தாள். அவள் செய்தது சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் நான் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் ஒரு வரியை மாற்றினேன். கோயம்புத்தூர் வியாபாரி கிரிதரனுக்கு ஒரு வரி, என் மச்சினனுக்கு ஒரு வரி. உங்களுக்கு நாற்பத்தொன்று. முனையில் இரண்டு புள்ளி அடையாளம் போட்ட உருளைத் துண்டு. நீங்கள் அளந்தது அறுபத்திரண்டு. உங்கள் பிரிண்ட்டில் மட்டும் காந்தம் ஏறாது என்று போட்டேன்.

விவரம் இல்லாமல் மாற்றவில்லை. அந்தச் சரக்கு ஐந்து வருஷத்தில் இரண்டு முறைதான் என்னிடம் வந்தது. யாரும் கேட்டதில்லை. காந்தம் ஏறுகிற கார்பைடைத் தேடுகிறவன் உண்டு, ஏறாததை எவன் தேடப் போகிறான் என்று அன்றைக்கு நினைத்தேன். யாருக்கும் ஆகாத வரியாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஆண்டிச்சாமி போனை வாங்கி முதலில் பார்த்தது அந்த வரியைத்தான். கிரிதரனாக இருக்கும், மச்சினனாக இருக்கும் என்றுதான் விரல் அவர்கள் வரிக்கெல்லாம் போனது. கடைசியாகத்தான் உங்களுடையதைப் பார்த்தேன்.

இல்லை. முதலில் உங்களுடையதைத்தான் பார்த்தேன். மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் எழுதியிருக்கிறேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

ஜனகராஜ்


கொட்டாம்பட்டி
19.6.2025

திரு. ஜனகராஜ் அவர்களுக்கு,

விஜய்ஆனந்த் எடுத்தது நாற்பத்தோராவது வரி.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நோட்டை எடுத்தேன். வீடு மாறியதிலிருந்து அதைத் தொடவில்லை. என் கையெழுத்தில் இருக்கிறது: "நிக்கலும் கோபால்ட்டும் கலந்த பிணைப்பு. காந்தம் குறைவு, ஆனால் ஏறும். 62." அதற்குக் கீழே தேதி, வெப்பநிலை, என் கையெழுத்து.

அவன் அட்டவணை முழுவதையும் பார்த்து, காந்தம் ஏறாதது என்று மூன்று வரி எடுத்திருக்கிறான். இரண்டு, வெளியில் எங்குமே கிடைக்கவில்லை. மூன்றாவது, இரண்டு புள்ளி போட்டது, கோயம்புத்தூரில் கிடைத்தது. கடன் வாங்கி வரவழைத்து நாலு டை வெட்டினான். மே மாதம் அனுப்பினான். அழுத்தினால் தூள் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, காந்தம் சூளையில் வெந்து வெளியே வரும்போது கீறல் விழுந்து உடைகிறது. நாலும் திரும்பி வந்துவிட்டது. ஜூலை பத்துக்குள் சரியான டை வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று எழுதியிருக்கிறார்கள். போனவாரம் முழுக்க, வெட்டின அளவில் எங்கோ தப்பு என்று நினைத்து அவன் ஐந்தாவது டை வெட்டிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் அவன் முன்பே என்னிடம் சொன்னான். உங்களுக்கு எழுதியபோதும் எனக்குத் தெரியும். அட்டவணையைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று போன் செய்து வேலையை நிறுத்து, அந்தத் துண்டு காந்தம் ஏறும் என்றேன். மெஷினை நிறுத்தச் சொன்னது கேட்டது. பிறகு சொன்னான்: "கைக் காந்தத்தை வச்சுப் பாத்தப்ப லேசா இழுத்துச்சு டீச்சர். நீங்க அளந்தது தப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

தன் கையை நம்பாமல் என் எழுத்தை நம்பியிருக்கிறான். அது என் எழுத்தே இல்லை.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஒரு தேதியை மட்டும் நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 2019, செப்டம்பர் பதினாலு, சனிக்கிழமை. பிரிண்ட்டைப் பச்சை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். மதினி கேசரி கொடுத்தனுப்பியிருந்தார். "டீச்சர், அஞ்சு வருசம் உழைச்சிருக்கீங்க, எம்புட்டு வேணும், கூசாம கேளுங்க" என்றீர்கள். "ஒரு பிரிண்ட் போதும்ணே" என்றேன். அந்த பிரிண்ட்டில் எனக்கென்று ஒரு பொய் அப்போதே வைத்திருந்தீர்கள். வைத்துவிட்டுத்தான் எம்புட்டு வேணும் என்று கேட்டீர்கள்.

நான் உங்களைக் கேட்காமல் கொடுத்தது இந்த வருஷம் மார்ச்சில். நீங்கள் என்னைத் திருடி என்று முடிவு கட்டியது அதற்கு ஐந்தரை வருஷம் முன்னால்.

விஜய்ஆனந்திடம் தப்பு யாருடையது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். பரவை பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்.

எஸ்தர் ஞானமுத்து


சிம்மக்கல்
23.6.2025

டீச்சருக்கு,

பரவைக்குப் போனேன். சனிக்கிழமை மதியம். அந்த நேரத்துக்கு வேறெங்கும் போகத் தோன்றாது எனக்கு.

பட்டறை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் விஜய்ஆனந்த் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பிப்ரவரியில் நான் விரட்டினதை மனசில் வைத்திருப்பான் என்று நினைத்தேன், டீ வாங்கி வரச் சொன்னான். நாலு டையும் மேசைமேல் இருந்தன. நல்ல வேலை டீச்சர். கண்ணாடி மாதிரி மெருகு. இவ்வளவு வருஷத்தில் அப்படி வெட்டின கார்பைடை நான் பார்த்ததில்லை. பையிலிருந்த காந்தத்தை ஒட்டிப் பார்த்தேன். லேசாக இழுத்தது.

"டீச்சர் தப்பு விட்டுட்டாங்கண்ணே" என்றான். "முப்பது வருசத்துல முதல் தப்பா இருக்கும். பாவம், போன்ல குரல் ஒடைஞ்சிருச்சு. வயசாச்சுல்ல. நான் யாருகிட்டயும் அவங்க பேரைச் சொல்லல."

பக்கத்தில் லேத்தில் நின்றவன், "சொல்லலைன்னா என்ன, காயில் சுத்துறதை இப்படி எழுத அவுகளை விட்டா யாருன்னு ஊருக்கே தெரியும். அம்புட்டு வரியும் இனிமே சந்தேகந்தான்" என்றான்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. டீயைக் குடித்துவிட்டு, பழைய துண்டு எதாவது கிடக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். ஜனகராஜ் பட்டியலில் பொய் வைப்பான் என்று ஒருவனுக்குத் தெரிந்தால், சிம்மக்கல்லில் என் பட்டியலை வாங்குகிற நாற்பது கடைக்கும் தெரியும். ஒவ்வொருவனும் தன் பட்டியலில் எது பொய் என்று தேடுவான். முப்பத்தெட்டு வருஷம் கட்டின கடை. மூட்டை தூக்கினவன் முதலாளி ஆனதற்கு என்னிடம் இருந்த ஒரே சொத்து, ஜனகராஜ் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேச்சு.

அதனால் ஒன்று சொல்கிறேன், யோசியுங்கள். இந்துப்ரியா டைப் செய்ததில் ஒரு வரி தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம். அவள் கல்யாணமாகி ஓசூர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்கு இதனால் ஒன்றும் வராது. உங்கள் பெயரும் நிற்கும், என் பெயரும் நிற்கும். விஜய்ஆனந்துக்கு ஆன நஷ்டம் எவ்வளவோ அதை நான் தருகிறேன், யார் கொடுத்தது என்று தெரிய வேண்டாம்.

செப்டம்பர் பதினாலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பதில் சொல்கிறேன். ஐந்து வருஷம் ஒருத்தர் பணம் வாங்காமல் வேலை செய்தால் எனக்குத் தூக்கம் வராது. விலை சொல்கிறவனை எனக்குத் தெரியும், எங்கே நிற்பான் என்று தெரியும். விலை சொல்லாதவர் என்றைக்கு என்ன கேட்பார் என்று தெரியாது. நீங்கள் ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தால்கூட அந்த வரியைத் திருப்பி மாற்றியிருப்பேன். ஒரு பிரிண்ட் போதும் என்றீர்கள். பயந்துவிட்டேன். இதுதான் உண்மை.

ஜனகராஜ்


கொட்டாம்பட்டி
26.6.2025

திரு. ஜனகராஜ் அவர்களுக்கு,

இந்துப்ரியாவின் பெயரைச் சொன்னால் என்னிடமுள்ள உங்கள் கடைசி இரண்டு கடிதங்களையும் நானே அவளுக்கு அனுப்புவேன். அந்தப் பெண் இருநூற்றுப் பன்னிரண்டு வரியை ஒரு எண் பிசகாமல் அடித்தவள். ஊரைவிட்டுப் போனவள்மேல் போடலாம் என்று உங்களுக்கு எவ்வளவு சுலபமாகத் தோன்றுகிறது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நோட்டோடு ஒப்பிடாமல் பிரிண்ட்டைக் கொடுத்தேன். லேபில் நின்ற ஒருத்தி செய்யக் கூடாதது. மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொன்ன பாடம் அது. பச்சை ரிப்பன் கட்டி வந்ததால் ஒப்பிடத் தோன்றவில்லை. இதை விஜய்ஆனந்திடம் இன்று சொல்லிவிட்டேன், என் பங்கை மட்டும்.

உங்கள் பங்குக்கு இவை:

அவனுக்குக் காந்தம் ஏறாத துண்டு வேண்டும். தொண்ணூற்றேழாவது வரி, முழுக்க நிக்கல் பிணைப்பு. நோட்டில் இருக்கிறது, பிரிண்ட்டிலும் சரியாக இருக்கிறது. வெளியில் கிடைக்கவில்லை என்று அவன் சொன்ன இரண்டில் அது ஒன்று. வெளியில் கிடைக்காது, ஏனென்றால் அது உங்கள் குடோனில் நீல டிரம்மில் கிடக்கிறது. அளந்தவள் நான், எனக்குத் தெரியும். பிப்ரவரியில் அவன் உங்கள் முன்னால் நின்றபோது அந்த டிரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவனுக்கு வேண்டியதைப் பொறுக்கிக் கொடுங்கள். சும்மா கொடுக்காதீர்கள், அவன் வாங்க மாட்டான். வாங்கின விலைக்குக் கொடுங்கள்.

நாற்பத்தோராவது வரியை மாற்றியது யார் என்று உங்கள் வாயால், வியாபாரிகள் குரூப்பில் நீங்களே சொல்லுங்கள். திருத்திய அட்டவணை வெளியே வரும்போது அந்த வரிக்குக் கீழே உங்கள் பெயர் இருக்கும். அட்டவணைக்கு மேலே இரண்டு பேர் பெயரும் இருக்கும், 2019-இல் நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டபடி. அது எல்லோருக்கும் இலவசம்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் இன்னும் அளக்காத சரக்கு இருக்கிறது, இனிமேலும் வரும். காயில் என்னிடம் இருக்கிறது. அளந்து தருகிறேன். துண்டு ஒன்றுக்கு நூற்றெண்பது ரூபாய். பணம் முதலில். ரசீது தருவேன். சனிக்கிழமை கிடையாது, செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. நீங்கள் வர வேண்டாம், ஆள் மூலம் அனுப்புங்கள்.

விலை சொன்னால் தூக்கம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன்.

எஸ்தர் ஞானமுத்து


சிம்மக்கல்
5.7.2025, சனி

எஸ்தர் டீச்சருக்கு,

நீல டிரம்மைக் கவிழ்த்துத் தொண்ணூற்றேழாவது வரித் துண்டு எட்டு எடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட அசையவில்லை. ஜூன் 28 அன்று பரவைக்கு நானே கொண்டுபோனேன். விஜய்ஆனந்திடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், பிப்ரவரியில் டிரம் பின்னால் இருந்ததையும் சேர்த்து.

அவன் திட்டவில்லை. துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப டீச்சர் தப்பா அளக்கல" என்றான். லேத்துக்காரனைக் கூப்பிட்டு அவனிடமும் அதையே சொன்னான். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "கிளம்புங்கண்ணே, வேலை கெடக்கு" என்றான். டீ சொல்லவில்லை.

நேற்று போன் செய்தேன். இரண்டு டை முடிந்து கம்பெனிக்குப் போய்விட்டது, அழுத்திப் பார்த்துவிட்டார்கள், ஒரு கீறல் இல்லை. மீதி இரண்டு எட்டாம் தேதி போகும். வேலை அவன் கையை விட்டுப் போகாது.

குரூப்பில் போட்டேன். எழுதி மூன்று முறை அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான்: "அட்டவணையில் 41-ஆம் வரியைத் தெரிந்தே மாற்றியவன் நான், ஜனகராஜ். அளந்த எஸ்தர் டீச்சரின் எண் சரியானது." அப்புறம் கிரிதரன் போன் செய்தான்.

"எனக்குக் குடுத்ததுல எத்தனாவது வரிண்ணே?"

"பதினேழு."

"சரி. விலைப்பட்டியல்ல?"

அதையும் சொன்னேன். வைத்துவிட்டான். அன்றைக்கு மட்டும் ஒன்பது பேர் கேட்டார்கள், ஒன்பது பேருக்கும் சொன்னேன். மாச ஆர்டரில் பதினான்கு கடை நின்றுவிட்டது. ஆண்டிச்சாமி மட்டும் சாக்கோடு வந்தார். "இப்ப உங்க பொய்யெல்லாம் தீந்துருச்சுல்ல, இனிமே உங்ககிட்டதான் நம்பிப் போடலாம்" என்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. அவர் அளந்து சொன்ன விலையைத்தான் போட்டேன்.

இன்று சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கப்படி சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். எங்க போறீங்க என்று ரங்கநாயகி கேட்டாள். எங்கேயும் இல்லை என்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒருநாள் நீங்கள் காயிலுக்குள் துண்டை வைத்து, கரண்டைத் திருப்பி விட்டு, சில துண்டு காந்தத்தை லேசில் விடாது, விடுகிற இடத்தைப் பார்த்து எழுத வேண்டியதுதான் நம் வேலை என்றீர்கள். அப்போது தலையாட்டினேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். நீங்கள் கூப்பிட மாட்டீர்கள் என்று தெரியும்.

பேசி முடிந்ததை எழுதி வைக்கிறேன், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். எட்டுத் துண்டு, நான் வாங்கின விலைக்கு, கிலோ ஆயிரத்து நானூறு, விஜய்ஆனந்த் கொடுத்துவிட்டான். அட்டவணை இலவசம், மேலே இரண்டு பெயர், நாற்பத்தொன்றுக்குக் கீழே என் பெயர் மட்டும். புதுச் சரக்குக்கு அளவுக்கூலி துண்டுக்கு நூற்றெண்பது, பணம் முதலில், செவ்வாய் பத்திலிருந்து பன்னிரண்டு, ஆள் வருவான், நான் வர மாட்டேன். வருகிற செவ்வாய்க்குப் பதினோரு துண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய் இத்துடன் மணியார்டர்.

குறைத்துக் கேட்கவில்லை.

ஜனகராஜ்